காகம் ஆறு, வேறெதுவும் இல்லை

மே 3, சனி

நாத்தனார் இன்றைக்கும் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். குளியலறை விளக்குக்குக் கீழே, சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. மேல் இறக்கை காய்ந்த இலையின் நிறம். கீழ் இறக்கை லேசாக விரிந்தபோது உள்ளே ஆரஞ்சு. நான் கேமராவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஒரே வீச்சு, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. உயிரோடு போனதா என்றுகூடத் தெரியவில்லை.

"பல் விளக்குற இடத்துல இதெல்லாம் எதுக்கு அண்ணி? வாய்க்குள்ள போயிடப் போவுது" என்கிறாள். உள்ளங்கை அகலப் பூச்சி வாய்க்குள் போக எவ்வளவு பெரிய வாய் வேண்டும்? இவளுக்கு இருக்கிறதுதான். அதை நான் சொல்லவில்லை.

அவர் போன பிறகு இந்த வீட்டில் நானும் அவருடைய தங்கையும்தான். பூச்சி வரட்டும் என்று விளக்கை எரியவிடுவது நான். விடிந்ததும் துடைப்பம் எடுப்பது அவள். கோடை முழுக்க இந்தச் சண்டை நடக்கும்.

பறவை, பூச்சி பார்க்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கோடைக் கணக்கு தொடங்கிவிட்டது. மே ஒன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, வீட்டுச் சுவர்ப் பூச்சியிலிருந்து கடலோரப் பறவை வரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி அனுப்பவேண்டும். நாற்பத்துமூன்று பேர் இருக்கிறோம். வருவதைச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுபவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே இரண்டு சாட்சி இல்லாமல் ஒரு முழம் நிலம் கைமாறாது. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். யார் எதை அனுப்பினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "படம் இருக்கா?" அவருக்கு அத்தாட்சி என்று நான்தான் பெயர் வைத்தேன். இந்நேரம் அவர் காதுக்கும் போயிருக்கும்.

அந்துப்பூச்சியைப் பற்றி எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில். "படம் இருக்கா?"

துடைப்பத்தின் படம் இருக்கிறது. அனுப்பட்டுமா?

மே 4, ஞாயிறு

"அடையாளம் உறுதியில்லை" என்று போட்டுவிட்டார். இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறேன். என் கண்ணுக்கு உறுதியில்லையாம்.

மே 11, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாத்தனாருக்குச் சர்க்கரை. தினம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெருவிலேயே நடந்து அலுத்துப்போயிற்று என்று அவள் முனகியதால், விடிகாலை முதல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போனோம். மூடிக்கிடக்கும் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு கரை இருக்கிறது. குளிக்கவும் யாரும் வருவதில்லை, காற்று வாங்கவும் யாரும் வருவதில்லை. சிப்பி, அறுந்த வலை, கவிழ்ந்து உடைந்த ஒரு படகு, அவ்வளவுதான்.

படகைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் கத்தினாள். "அண்ணி, ஒரு பறவை என் தலையைக் குறிவச்சே வருது!"

நிமிர்ந்து பார்த்தேன். புறாவைவிடச் சிறியது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, நெற்றியில் மட்டும் வெள்ளை. மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு. கீச் கீச்சென்று கத்திக்கொண்டு தலைக்கு ஒரு முழம் மேலே வந்து திரும்பியது. சிற்றாலா. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு.

"காலை எடுக்காத. அப்படியே நில்லு" என்றேன். அவள் செருப்புக்கு மூன்று விரற்கடை தள்ளி இரண்டு முட்டைகள் கிடந்தன. மணல் நிறம், மேலே மணலைப் போலவே புள்ளி. கூடு என்பதே பெரிய வார்த்தை. குதிகாலை அழுத்தித் திருப்பினால் மணலில் ஒரு பள்ளம் விழுமே, அவ்வளவுதான்.

வந்த கால்தடத்திலேயே பின்வாங்கிப் படகு மறைவில் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் எல்லாம் இறங்கி அடைகாக்க உட்கார்ந்துவிட்டன. பைனாகுலரில் எண்ணினேன். பதினொரு கூடு. பின்வாங்கும்போது பார்த்த பள்ளங்களில் இரண்டு முட்டை, மூன்று முட்டை. நான்கு எதிலும் இல்லை.

ஓர் ஆண் பறவை விரல் நீள மீனைக் கவ்விக்கொண்டு வந்து, உட்கார்ந்திருந்ததற்கு ஊட்டியது. "நம்ம வீட்டுல யாரு இப்படி செஞ்சா?" என்றாள் நாத்தனார். சொந்த அண்ணனைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மைதான், இருந்தாலும்.

பஸ்ஸிலேயே எழுதி அனுப்பிவிட்டேன்: சிற்றாலா 22, கூடுகள் 11, ஐஸ் தொழிற்சாலைக் கரை. பறவைகள் உட்காரட்டும் என்று படம் ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். இந்தத் தடவை கேட்கட்டும், "படம் இருக்கா" என்று.

மே 12, திங்கள்

நீக்கிவிட்டார்.

சந்தேகம் என்று போடவில்லை. உறுதியில்லை என்று போடவில்லை. படம்கூடக் கேட்கவில்லை. என் பதிவையே இல்லாமல் செய்துவிட்டார். நான் அனுப்பியதற்கான சுவடே அங்கே இல்லை!

கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பெரியவருக்குப் ப்ளஸ் லென்ஸ் மாட்டவேண்டிய இடத்தில் மைனஸ் மாட்டி, "இப்ப தெளிவா இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டேன். "இல்லம்மா, இல்லம்மா" என்று பாவம் அவரும் மூன்று தடவை சொன்னார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய வருடப் பட்டியல்களைத் தோண்டி எடுத்தேன். அந்தக் கரைக்கு யாருமே போவதில்லை, அத்தாட்சி ஒருவரைத் தவிர. ஒவ்வொரு கோடையிலும் அவர் பெயரில் ஒரு வரி இருக்கிறது. போன வருடம்: காகம் 6. வேறெதுவும் இல்லை. அதற்கு முந்தின வருடம்: காகம் 6. வேறெதுவும் இல்லை. அதற்கும் முந்தின வருடம் அதே ஆறு. ஒன்பது வருடம்! அந்தக் காகங்கள் சாகவே சாகாதா? குஞ்சு பொரித்து ஏழாகவே ஆகாதா? கரைக்குப் போகாமலே நாற்காலியில் உட்கார்ந்து போன வருடத்து வரியைப் பார்த்து எழுதுகிற ஆள், கரைக்குப் போய் வந்த என் பதிவை நீக்குகிறார்.

இவரிடம் படம் கேட்டது யார்?

மே 13, செவ்வாய்

அத்தாட்சி இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"நேர்ல ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"எதுவா இருந்தாலும் குழுவிலயே எழுதுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

"அது எழுதற விஷயம் இல்லைங்க."

"எழுதறதுதானே உங்க வேலை? நீக்கறது மட்டும்தான் வருமா?"

வைத்துவிட்டேன். இரண்டு வாய்ச் சோறு அதிகம் சாப்பிட்டேன் இன்றைக்கு.

மே 15, வியாழன்

பொறுத்தது போதும். படத்தோடு குழுவில் போட்டுவிட்டேன். எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

"ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்பக்கம், உடைந்த படகிலிருந்து கடலைப் பார்த்து நாற்பது அடி. சிற்றாலாக் கூடுகள் பதினொன்று. என் கண்ணில் நம்பிக்கை இல்லாதவர்கள் தங்கள் கண்ணால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது வருடமாக அங்கே ஆறு காகத்தைத் தவிர ஒன்றும் தெரியாதவர் எங்கள் கடைக்கு வந்தால், கண்ணை இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறேன்."

ராத்திரிக்குள் முப்பத்தொரு பேர் கை தட்டிவிட்டார்கள். அவர் பதில் போடவில்லை. போட வாய் எங்கே இருக்கிறது?

மே 16, வெள்ளி

என் பதிவை வேறு நான்கு குழுக்களுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நான் முன்பின் பார்த்திராத ஆட்களெல்லாம் "சபாஷ் மேடம்" என்கிறார்கள்.

மே 18, ஞாயிறு

தொழிற்சாலை ஒன்றில் கண் முகாம். நானும் முதலாளியும் நூற்றுநாற்பது பேருக்குப் பார்த்தோம். கரைக்குப் போக முடியவில்லை.

இடையிடையே போனைப் பார்த்தேன். படம் படமாக வந்துகொண்டிருந்தது. பறக்கும் சிற்றாலா, மீனோடு சிற்றாலா, அடைகாக்கும் சிற்றாலா அவ்வளவு பக்கத்தில்! முதலில் பெருமையாக இருந்தது. இதையெல்லாம் கண்டுபிடித்தது நான்தானே என்று முதலாளியிடம்கூடக் காட்டினேன்.

மூன்று மணிக்கு ஒரு படம் வந்தது. ஒரே பள்ளத்தில் ஐந்து முட்டை, பூப்போல வட்டமாக. "என்ன ஒரு கூடு!" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

ஐந்தா?

பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு முட்டையில் புள்ளி நெருக்கம், மூன்றில் புள்ளி அகலம். சிற்றாலா ஐந்து இடாது. நான் பார்த்த எதிலும் நான்குகூட இல்லை. பக்கத்துக் கூட்டிலிருந்து எடுத்துவந்து, படம் அழகாக வரவேண்டும் என்று அடுக்கி வைத்திருக்கிறான் ஒருத்தன். கையால்! பாவி, அது உன் வீட்டு மேஜை அலங்காரமா?

பதிவை உடனே அழித்தேன். அழித்து என்ன? நான்கு குழுக்களில் சுற்றுகிறதே.

மே 19, திங்கள்

லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனோம்.

படகைச் சுற்றிச் செருப்புத்தடம். செருப்புத்தடமே இல்லாத இடமில்லை. முக்காலி ஊன்றிய ஓட்டைகள், மும்மூன்றாக. ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணீர் ஓரம் வரை வந்து திரும்பியிருக்கிறது, அதன் தடம் ஒரு பள்ளத்தின் நடுவிலேயே. தண்ணீர் பாட்டில்கள். ரொட்டித் துண்டுகள். ரொட்டிக்கு வந்த காகங்கள்.

நேற்று முழுவதும் அத்தனை பேர் நின்றிருந்தால் தாய்ப்பறவை எப்படி இறங்கும்? வெயிலில் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே அந்த முட்டை வெந்துவிடும். மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொண்டது. ஓடுகள் கிடந்தன. ஐந்து முட்டைப் பள்ளத்தில் ஐந்தும் அப்படியே கிடந்தன, எடுத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது, அடைகாக்க ஆள் வராத முட்டை என்று தொட்டதுமே தெரிந்தது. இரண்டு கூட்டில் மட்டும் பறவை உட்கார்ந்திருந்தது. பதினொன்றில் இரண்டு.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேமராக்காரனை, மோட்டார் சைக்கிள்காரனை, ரொட்டி தின்றவனை, முப்பத்தொரு கை தட்டிகளை. நாத்தனார் பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சுவிட நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணி, படகுலேருந்து நாப்பது அடின்னு எழுதினது யாரு?"

நானும் குனிந்து பாட்டில் பொறுக்க ஆரம்பித்தேன்.

மே 20, செவ்வாய்

நான்தான். வேறு யார்?

ஒரு மனிதர் என்னை நம்பவில்லை என்ற கோபத்தில், நாற்பத்துமூன்று பேருக்கும் அவர்களுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் விலாசம் எழுதிக் கொடுத்தவள் நான். அடி கணக்கு வேறு!

மே 22, வியாழன்

அத்தாட்சி கடைக்கு வந்தார்.

பதினொரு மணி. உள்ளே இருட்டறையில் லென்ஸ்களைத் துடைத்து வரிசையில் செருகிக்கொண்டிருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "கண் பாக்கணுமாம்" என்று ஒருவரை அனுப்பினார். வருடாந்திரக் கூட்டத்தில் தூரத்தில் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் பார்த்ததில்லை. என் வயதுதான் இருக்கும். கக்கத்தில் அலுவலகப் பை.

"இலவசமா பாக்கறேன்னு எழுதியிருந்தீங்க" என்றார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைக் காட்டினேன். வேறென்ன செய்வது? சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, "படிங்க" என்றேன். மேலிருந்து கடகடவென்று படித்தார். கடைசி வரி வரை. கடைசி வரிக்குக் கீழே, மூலையில், அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் பொடியெழுத்தில் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அதை யாரும் படித்ததில்லை. அதையும் படித்தார். அடுத்த கண்ணுக்கும் அப்படியே.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லை" என்றேன்.

"தெரியும். உங்க கண்ணுலயும் இல்லை. பதினொண்ணு சரிதான். நீங்க போனதுக்கு முந்தின வாரம் நானும் எண்ணினேன்."

"அப்புறம் எதுக்கு நீக்கினீங்க?"

அந்தச் சட்டத்தைக் கழற்றாமலே பேசினார். ஒரு கண் மூடியபடி. முன்பு சிற்றாலாக்கள் தெற்குக் கரையில் கூடு கட்டிக்கொண்டிருந்தனவாம். இருபது கூடு. இவர் கண்டுபிடித்து, சந்தோஷம் தாங்காமல், படம் எடுத்து, வழியும் எழுதிக் குழுவில் போட்டாராம். "அந்தக் கோடையிலயே முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் அதுங்க இந்தப் பக்கம் வந்து உக்காந்துச்சு. அன்னையிலேருந்து எனக்கு அங்க ஆறு காகம்தான்."

எனக்கு உட்காரவேண்டும் போல இருந்தது. அந்த அறையில் ஒரே நாற்காலி, அதில் அவர்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு தடவை போன் பண்ணினேன்."

"மூணு."

"மூணு. எழுதிப் போட்டா அது ஊர் சுத்திடும். நேர்ல சொல்லலாம்னு பாத்தேன்."

"அப்ப நேரா வந்திருக்கணும்! கடை எங்க இருக்குன்னு தெரியாதா? இன்னைக்கு வந்த கால் அன்னைக்கு வரக்கூடாதா? அஞ்சு நிமிஷம் கேட்டீங்களே, நான் குடுக்கலைன்னா, வந்து வாசல்ல நின்னு எடுத்துக்கணும்ல!"

கத்திவிட்டேன். முதலாளி திரையை விலக்கிப் பார்த்தார். "பவர் கூடிப்போச்சா?" என்றார். அத்தாட்சி சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "வந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தப்பு என்னுடையது. இதை இங்கே தெளிவாக எழுதுகிறேன். ஆனால் முழுதும் என்னுடையது இல்லை. ஒன்பது வருடமாக ஒரு கரையைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கும் அதில் பங்கு உண்டு. இன்னொன்றும் எழுதுகிறேன்: ஒரு பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க யாராவது ஒருத்தர் உட்கார்ந்து பொய் எழுதவேண்டியிருக்கிறது என்றால், நாமெல்லாம் எவ்வளவு கேடுகெட்டவர்கள்!

மே 25, ஞாயிறு

நாத்தனார், அத்தாட்சி, நான், மூன்று பேரும் கரைக்குப் போனோம். அந்த இரண்டு கூடும் இல்லை. கரை சுத்தமாகக் காலி.

படமெடுக்கும் ஆட்களும் காலி. பறவை இல்லையென்றதும் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் விட்டுப்போன பாட்டில்களை நாங்கள் மூட்டை கட்டினோம்.

"இன்னொரு தடவை முட்டை போடும். முதல் தடவை போச்சுன்னா மறுபடி போடும், சில சமயம்" என்றார் அத்தாட்சி. எங்கே போடும் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

ஜூன் 5, வியாழன்

காலையில் நாத்தனார் குளியலறைக்கு வெளியே பிரஷ்ஷும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. "உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு. நீங்க படம் எடுத்தாத்தான் நான் வாய் கொப்புளிக்க முடியும், சீக்கிரம் வாங்க" என்று ஜாடையும் பேச்சுமாகச் சொன்னாள்.

அதே காய்ந்த இலை நிறம், அதே ஆரஞ்சு. நான்கு படம் எடுத்தேன். அனுப்பினேன். பட்டியலில் ஏறிவிட்டது. மே 3-ஆம் தேதிப் பதிவையும் அவரே திருத்திச் சேர்த்திருக்கிறார்.

சந்தோஷப்படவேண்டும். பூச்சிக்கு மட்டும் சந்தோஷப்பட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கண்டுபிடித்தது நாத்தனார். ஐஸ் தொழிற்சாலைக் கரையில் பைனாகுலரைச் சும்மா கொடுத்திருந்தேன், வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்திருக்கிறாள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு அக்கரையில் ஒரு மணல்திட்டு. "அண்ணி, அங்க வெள்ளையா ஏதோ மேல கீழ போவுது."

ஆறு கூடு. நடந்து போக வழியில்லை, தண்ணீர் இடுப்பளவு. இந்தக் கரையில் இடிந்த மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நமக்குத் தெரியும், அவற்றுக்கு நம்மைத் தெரியாது.

போனை எடுத்தேன். பழக்கதோஷம். திரும்பப் பையில் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கரைப் பக்கப் பதிவுகளை இனி என்னையே சரிபார்க்கச் சொல்லிவிட்டார் அத்தாட்சி. "திருட்டுக்கு என்னையும் கூட்டாளி ஆக்கறீங்களா?" என்றேன். சிரிக்கத் தெரிகிறது அந்த மனிதருக்கு.

திட்டைக் காவல் காக்க முறை வைத்துக்கொண்டோம். விடியற்காலை நாங்கள், அலுவலகம் விட்டதும் அவர்.

ஜூன் 29, ஞாயிறு

குஞ்சுகள்! எட்டு. இல்லை, ஒன்பது. மணல் நிறத்தில் பஞ்சு. நிற்கும்போது தெரிவதே இல்லை, ஓடினால்தான் தெரிகிறது. பெரியது மீன் கொண்டு வந்தால் ஓடிவருகின்றன, பாதி வழியில் விழுகின்றன.

நாத்தனார் அழுதாள். நான் கோபப்பட்டேன். பதினொரு கூட்டுக் குஞ்சுகளுக்கும் இந்நேரம் இறக்கை முளைத்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் திக்கென்றது. போன மாதம் குழுவில் சேர்ந்த பல் டாக்டர் எழுதியிருக்கிறார்: "முகத்துவாரத்தின் அக்கரைத் திட்டில் சிற்றாலா, குஞ்சுகளோடு. படகு பேசியிருக்கிறேன். நாளை படமும் போகும் வழியும்."

இரண்டு நிமிடத்தில் நீக்கினேன். கை தானாகச் செய்தது. மூன்றாவது நிமிடத்தில் அவரிடமிருந்து வந்தது: "என் பதிவை யார் நீக்கியது? கண்ணாடிக் கடை மேடம் ஊர்க் கண்ணைப் பார்க்கும்முன் தன் கண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது." பதினான்கு பேர் சிரித்திருக்கிறார்கள். மே மாதம் எனக்குக் கை தட்டினார்களே, அதே ஆட்கள்!

கொதித்தது. என்ன திமிர்! சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. பதில் எழுதத் தொடங்கி, நான்கு வரி எழுதி, அதில் "அக்கரை" என்ற வார்த்தை இரண்டு தடவை வந்ததைப் பார்த்து அழித்தேன்.

போன் செய்யலாமா? எடுத்தாலும் கேட்கமாட்டார். நான் கேட்டேனா?

ஜூலை 7, திங்கள்

எட்டு மணிக்கு அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். திறந்ததும் டோக்கன் வாங்கினேன். முதல் டோக்கன்.

நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பி, "வாயைத் திறங்க" என்றார். ஆளைத் தெரியவில்லை அவருக்கு.

"நான் பேசத்தான் வந்தேன், டாக்டர்."

"முதல்ல திறங்க."

திறந்தேன். கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டு, என்ன தொந்தரவு என்று கேட்கிறார். இந்த டாக்டர்கள் எல்லோருமே நாம் பேச முடியாத நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள். கடைவாய்ப் பல்லில் ஓட்டை என்றார். அது உண்மைதானாம், படம்கூடக் காட்டினார். பஞ்சை எடுத்த நிமிடமே சொன்னேன்:

"நேத்து உங்க பதிவை நீக்கினது நான்தான். நீங்க பாத்தது சரிதான். ஒன்பது குஞ்சு."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. திட்ட வாயெடுத்தார். நான் போனை நீட்டினேன். மே 19 எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. தடங்கள், முக்காலி ஓட்டைகள், ஓடுகள், அந்த ஐந்து முட்டை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வழி எழுதிக் கொடுத்தது யார் என்பதையும் சொன்னேன். வெளியே இரண்டாவது டோக்கன்காரர் இருமிக்கொண்டிருந்தார்.

"படகுக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார் கடைசியில். பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

என்ன பேச்சு இது! நேற்று ராத்திரிக்கும் இன்று காலைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒன்பது வருடம் காத்திருக்கவில்லை நான், வந்துவிட்டேன். அதைச் சொல்லவில்லை. பல்லை அடைக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

மதிலுக்குப் பின்னால் இடம் போதவில்லை. நாத்தனார், நான், அத்தாட்சி, பல் டாக்டர். டாக்டருக்கு உயரம் அதிகம், குனியச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது, அதுவும் அவர் அடைத்த பக்கம்.

ஏழரை மணிக்கு முதல் குஞ்சு பறந்தது. எழும்பி, காற்றில் கோணலாகப் போய், தண்ணீருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, திட்டிலேயே தொப்பென்று இறங்கியது. தாய் மேலே நின்று கத்தியது. பிறகு இன்னொன்று. ஒன்பது மணிக்குள் ஐந்து.

யாரும் போனை எடுக்கவில்லை. கேமராவையும் எடுக்கவில்லை. ஆகவே எங்கேயாவது இருக்கட்டும் என்று இதில் எழுதிவைக்கிறேன்: கூடுகள் 6, குஞ்சுகள் 9, காகம் கொண்டுபோனது 2, இன்று பறந்தது 5, மிச்சம் 2 இந்த வாரத்துக்குள் பறந்துவிடும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குழுவில் டாக்டரின் பதிவு ஏறியிருக்கிறது. "முகத்துவாரக் கரை: காகம் 7. வேறெதுவும் இல்லை."

ஏழா? எங்கிருந்து வந்தது ஏழு? நான்கு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆறுதான் இருந்தது, நான் எண்ணினேன். பொய்யே எழுதினாலும் ஒழுங்காக எழுத வேண்டாமா?

திருத்தலாம் என்று திறந்தேன். எனக்கு முன்னாலேயே அதற்குக் கீழே அத்தாட்சி கேட்டிருக்கிறார்: "படம் இருக்கா?"